தேதி தலைகீழாகப் போனால்... மருந்து ஆய்வு டேட்டாவைச் சோதிப்பது எப்படி?

கோத்தகிரி பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பா 2024 ஜனவரியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறிக்கும் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் எடை போட்டு ஒரு சீட்டு தருவார்கள். இருபது வருடமாக நோட்டில் எழுதி வந்த இந்தக் கணக்கை எக்ஸெலில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான சீட்டுகளைப் பொறுமையாக டைப் செய்தார். மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால் எதுவும் நோட்டோடு ஒத்துப் போகவில்லை. மார்ச் மாத இலை பாதியாகக் குறைந்திருந்தது. அதைவிட வேடிக்கை, நாங்கள் பார்த்தது ஏப்ரல் மாதம். ஆனால் இன்னும் வராத டிசம்பரிலும் இலை கொடுத்ததாகக் கணக்கு காட்டியது!

"இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினது, இதுக்குக் கூட்டவே தெரியலையேப்பா" என்றார்.

கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியும். தேதிதான் தலைகீழாகப் போயிருந்தது. புதிய கம்ப்யூட்டர்கள் பல, அமெரிக்க முறையிலான தேதி அமைப்போடு வருகின்றன. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. பெரியப்பா மார்ச் 5 என்று நினைத்து 05/03/2024 என டைப் செய்தால், எக்ஸெல் அதை மே 3 என்று எடுத்துக் கொள்கிறது. ஜனவரி 12 என்று நினைத்து 12/01/2024 என டைப் செய்தால், அது டிசம்பர் 1 ஆகிவிடுகிறது. 13/03/2024 என்று டைப் செய்தால் 13-வது மாதம் கிடையாதே! எனவே அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக் கொள்கிறது. மாதத்தின் முதல் 12 நாட்கள் வேறு மாதங்களுக்குப் போய்விட்டன. மீதி நாட்கள் எந்த மாதத்திலும் சேரவில்லை. இதில் ஒரு இடத்தில்கூட எர்ரர் மெசேஜ் வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

"என் வேலையே இதுதான் பெரியப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. கோயம்புத்தூரில் சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் ஏதோ பெரிய வேலை என்று நினைத்துக் கொண்டிருந்தார். ஆனால் உண்மை அதுதான். மருந்து கம்பெனிகள் ஒரு புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்து ஆய்வு செய்யும்போது சேரும் டேட்டாவைச் சரிபார்த்து, அரசின் அனுமதிக்கு அனுப்பத் தயார் செய்வது என் வேலை. பெரியப்பாவின் பைலில் தேதி புரண்டால் இலைக் கணக்கு தப்பும். அங்கே தேதி புரண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

குன்னூரும் ஒரே மாதிரி படிவமும்

மருத்துவ டேட்டாவை எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்ற எண்ணம் கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றியது அல்ல. நீலகிரிக்காரர்களுக்கு அருகிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கம் போனவர்கள் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். 1907-ல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தருவதற்காக வந்த நிலையம் அது. இதுபோன்ற நிலையங்கள் அன்று உலகின் பல நாடுகளில் இருந்தன. இந்தியாவிலேயே கசௌலியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, இன்னும் சில.

ஒவ்வொரு நிலையமும் வருடா வருடம் அறிக்கை வெளியிட்டது. இத்தனை பேருக்கு ஊசி போட்டோம், இத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்கள் இருக்கும். ஆனால் எந்த ஊசி நல்லது என்று இந்த அறிக்கைகளை ஒப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. ஏன்? சிகிச்சை நடக்கும்போதே இறந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சிகிச்சை முடிந்து 15 நாட்களுக்குள் இறந்தால்? ஊசி வேலை செய்யவே அவகாசம் கிடைக்கவில்லை என்று அவர்களைத் தோல்விக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். ஒரு நிலையம் இப்படி விட்டு, இன்னொரு நிலையம் விடாமல் எண்ணினால், ஒரே ஊசிக்கு இரண்டு வெவ்வேறு இறப்பு விகிதம் வரும். கடித்தது நிஜமாகவே வெறிநாய்தானா, காயம் எவ்வளவு ஆழம் என்பதிலும் இதே குழப்பம்தான்.

1927 ஏப்ரலில் பாரிஸில் நடந்த உலக ரேபிஸ் மாநாடு, எல்லா நிலையங்களும் ஒரே மாதிரி புள்ளிவிவரம் தர வேண்டும் என்ற யோசனையை எடுத்துக் கொண்டது. அப்படி வந்த அறிக்கைகளை 1930-களில் உலக நாடுகள் சங்கத்துக்காகத் தொகுத்து ஆராய்ந்தவர் மெக்கென்ட்ரிக். முன்பு கசௌலி நிலையத்தில் வேலை பார்த்தவர். தொற்றுநோய் பரவுவதைக் கணக்கிட இன்றும் பயன்படும் கணித மாதிரி ஒன்றில் அவர் பெயரும் இருக்கிறது. கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் காட்டிய வரைபடங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை.

இன்று இந்த வேலையை சிடிஸ்க் என்ற அமைப்பு செய்கிறது. 1997-ல் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கியது. ஆய்வு டேட்டாவை எந்தெந்தப் பைலில், எந்தப் பெயரில், எந்த வடிவத்தில் வைக்க வேண்டும் என்று அது வகுத்த விதிகளுக்கு எஸ்டிடிஎம் என்று பெயர். அமெரிக்காவின் மருந்து அனுமதித் துறையான எப்டிஏ, 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கும் ஆய்வுகளின் டேட்டா, மருந்து விற்பனை அனுமதி விண்ணப்பத்தில் தான் ஏற்கும் தர வடிவத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஜப்பானும் 2020 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியது.

பைல்கள் எப்படி இருக்கும்?

பயப்பட வேண்டாம். நீங்கள் எக்ஸெலில் பார்க்கும் அட்டவணை மாதிரிதான். பைலுக்கு இரண்டெழுத்துப் பெயர். டிஎம் என்ற பைலில் ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: அடையாள எண், வயது, பாலினம், மருந்து தொடங்கிய நாள். ஏஇ என்ற பைலில் அவருக்கு வந்த தலைவலி, வாந்தி, மயக்கம் முதலிய உபாதைகள். மருந்தால் வந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் முன்பே எல்லாவற்றையும் எழுத வேண்டும். இஎக்ஸ் என்ற பைலில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ன அளவு மருந்து சாப்பிட்டார் என்ற விவரம். எல்பி என்பதில் ரத்தப் பரிசோதனை முடிவுகள்.

பாலினத்துக்கு எம், எப், தெரியாவிட்டால் யு என்பது போல அனுமதிக்கப்பட்ட சில குறியீடுகள் மட்டுமே. "மேல்" என்று முழுதாக எழுதினால் எர்ரர். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-12 என்றுதான் எழுத வேண்டும். இது ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர விதி. இதன் நன்மை, அமெரிக்கரும் இந்தியரும் ஒரே மாதிரி படிப்பார்கள்.

நாள் தெரியாவிட்டால்? அங்கேதான் இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். தெரிந்த வரை எழுதினால் போதும். 1951-ல் பிறந்தார், மாதம் தெரியாது என்றால் வெறும் 1951. நம் ஊரில் என்ன செய்கிறோம்? எஸ்டேட்டில் வேலை பார்த்த பாட்டிகளின் ஆதார் அட்டைகளைப் பாருங்கள். பாதிப் பேர் ஜனவரி 1-ம் தேதி பிறந்தவர்கள்! தெரியாததைத் தெரிந்தது போல எழுதிவிட்டால், பிறகு எது நிஜம், எது நிரப்பியது என்று யாராலும் பிரிக்க முடியாது.

பைலின் வடிவம் பழையது. எஸ்ஏஎஸ் என்ற சாப்ட்வேரின் 1980-களைச் சேர்ந்த ஏற்றுமதி வடிவம். டாஸ் காலத்தில் பைல் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது அல்லவா? அதே போல இதில் நெடுவரிசையின் பெயர் 8 எழுத்து, விளக்கம் 40 எழுத்து, ஒரு செல்லில் 200 எழுத்துக்கு மேல் கூடாது. புரோகிராம் எழுதுபவர் அசந்தால் 200-க்குப் பின்னால் உள்ளது சத்தமில்லாமல் வெட்டுப்படும். தமிழில் "நோயாளிக்கு நெஞ்சு வலி இருந்ததாகத் தெரியவில்லை" என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் என்ன அர்த்தம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மிஞ்சும் பகுதியை வெட்டாமல் துணைப் பைல் ஒன்றில் தொடர்ந்து எழுத வழி இருக்கிறது.

சோதிக்கும் சாப்ட்வேர்

இத்தனை விதிகளையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. இதற்கென்று வேலிடேட்டர் எனப்படும் சாப்ட்வேர்கள் உள்ளன. ஓப்பன் சிடிஸ்க் என்ற பெயரில் 2008-ல் வெளிவந்து, பின்னர் பின்னக்கிள் 21 என்று பெயர் மாறிய புரோகிராம்தான் பலரும் அறிந்தது. இதே வகை சோதனையை எப்டிஏவும் தன் பக்கத்தில் ஓட்டுகிறது. அதாவது பரீட்சைத் தாளைத் திருத்துபவர் வைத்திருக்கும் அதே விடைக்குறிப்பு நம்மிடமும் இருக்கிறது. ஆய்வு தொடங்கிய தேதி உள்ள பைலோ டிஎம் பைலோ இல்லாவிட்டால், 2021 செப்டம்பர் 15 முதல் எப்டிஏவின் கம்ப்யூட்டரே விண்ணப்பத்தை உள்ளே விடாமல் திருப்பிவிடுகிறது. ஒரு அதிகாரியின் கண்ணில் படும் முன்பே!

பைல்களைக் கொடுத்து ரன் செய்தால் ஒரு எக்ஸெல் அறிக்கை கிடைக்கும். எந்தப் பைல், எந்த விதி, எத்தனை இடம் என்று பட்டியல் வரும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு மயக்கமே வந்துவிடும். நான் முதன்முதலாக ஓட்டியபோது ஆயிரக்கணக்கில் மெசேஜ். இரவு ஒன்பது மணிக்கு மேல், கோத்தகிரி வீட்டில், வெளியே மழை, கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றியது.

மறுநாள் எங்கள் டீம் லீடர் மேடம் சொல்லிக் கொடுத்த வழி இதுதான். மெசேஜ்களை ஒன்று, இரண்டு என்று மேலிருந்து சரி செய்யக் கூடாது. முதலில் விதிவாரியாக எத்தனை என்று பார்க்க வேண்டும். ஒரே காரணம் ஆயிரம் மெசேஜாக வரும். அன்று வந்ததில் பெரும்பகுதி "இந்த நபர் டிஎம் பைலில் இல்லை" என்ற மெசேஜ். பார்த்தால் ஒரே ஒருவரின் அடையாள எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்திருக்கிறது. யாரோ அந்தப் பட்டியலை நடுவில் எக்ஸெலில் திறந்து சேவ் செய்திருக்கிறார்கள். 0107 என்பது 107 ஆகிவிட்டது. அவருடைய ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், மாத்திரை விவரம் என்று ஒவ்வொரு வரியும் எர்ரர். பூஜ்யத்தைச் சேர்த்ததும் அத்தனையும் காணாமல் போயின. எனவே எப்போதும் டிஎம் பைலிலிருந்து தொடங்குங்கள். மற்ற பைல்கள் அதில்தான் தொங்குகின்றன.

அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். சோதிக்கும் விதிகளின் பதிப்பு சரியா? அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஆண்டுக்குப் பல முறை புதுப்பிக்கப்படுகிறது. உபாதைகளுக்குப் பெயர் சூட்டும் மெட்ரா என்ற அகராதி ஆண்டுக்கு இரண்டு முறை மாறுகிறது. பழைய அகராதியில் எழுதிய டேட்டாவைப் புதிய அகராதி கொண்டு சோதித்தால் இல்லாத குற்றமெல்லாம் வரும். டேட்டாவில் தவறு தேடி அரை நாள் போன பிறகுதான் செட்டிங்கில் தவறு என்று தெரியும். எனக்கு இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது.

இன்னொரு வழக்கமான தொல்லை, ஆய்வு நாள் கணக்கு. முதல் மாத்திரை சாப்பிட்ட நாள் 1. அதற்கு முந்தைய நாள் -1. நடுவில் 0 கிடையாது. கோயில் திருவிழாவில் கொடியேற்றம் முதல் நாள். பூஜ்யமாம் நாள் என்று யாரும் சொல்வதில்லையே, அது போல. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு தேதியிலிருந்து அதே தேதியைக் கழித்தால் 0 தானே வரும்? புதிதாகப் புரோகிராம் எழுதுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். முதல் நாளும் அதற்குப் பிந்தைய நாட்களும் என்றால் கழித்த பின் 1 கூட்ட வேண்டும். முந்தைய நாட்களுக்குக் கூட்டக் கூடாது.

நான் அழிக்கப் பார்த்த எர்ரர்

இதுவரை சொன்னவை வடிவத் தவறுகள். இப்போது சொல்லப் போவது வேறு. மருந்தின் பெயரையோ ஆஸ்பத்திரியையோ சொல்ல முடியாது. தேதிகளையும் மாற்றிச் சொல்கிறேன்.

டேட்டாபேஸைப் பூட்டுவதற்கு இரண்டு நாள் இருந்தது. பூட்டிவிட்டால் பிறகு எதையும் எளிதில் மாற்ற முடியாது. நூற்றுக்கணக்கில் இருந்த எர்ரர்களைக் குறைத்துக் குறைத்து ஏழில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன். அதில் ஒன்று: "உபாதை தொடங்கிய தேதி, முடிந்த தேதிக்குப் பின்னால் இருக்கிறது." ஒருவருக்கு வந்த தலைசுற்றல். தொடக்கம் மார்ச் 12, முடிவு மார்ச் 5.

பார்த்த உடனே எனக்குத் தோன்றியது, டைப் செய்தவர் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார் என்பதுதான். புரோகிராமில் ஒரு வரி எழுதி இடம் மாற்றினால் மார்ச் 5 முதல் 12 வரை ஆகிவிடும். எர்ரர் போய்விடும். எழுதியும் வைத்துவிட்டேன். பெருமையாக மேடத்திடம் காட்டினேன்.

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்றார்.

டேட்டா நம்முடையது அல்ல. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உண்மை. மாற்ற வேண்டுமானால் அவர்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு முறைப்படி ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். இதற்கு க்வெரி என்று பெயர். அதையும் "தேதியை மாற்றிப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்கக் கூடாது. பதிலை நாமே வாயில் திணிப்பது ஆகிவிடும். "தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் உள்ளது, மூலப் பதிவைப் பார்த்து உறுதி செய்யவும்" என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டோம்.

மறுநாள் பதில் வந்தது. ஒன்று அல்ல, இரண்டு தலைசுற்றல்கள்! முதலாவது மார்ச் 1-ல் தொடங்கி 5-ல் முடிந்தது. இரண்டாவது மார்ச் 12-ல் தொடங்கியது. அதைப் பதிவு செய்தவர் புது வரி சேர்ப்பதற்குப் பதிலாகப் பழைய வரியிலேயே தொடக்கத் தேதியை மாற்றிவிட்டார். பழைய முடிவுத் தேதி அப்படியே நின்றுவிட்டது.

சரி, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மேடம் உடனே இஎக்ஸ் பைலைத் திறக்கச் சொன்னார். அந்த நோயாளிக்கு மார்ச் 4-க்குப் பிறகு மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். மார்ச் 11-ல் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது வரிசையாகப் பாருங்கள். மருந்து சாப்பிடும்போது தலைசுற்றல். நிறுத்தியதும் மறுநாளே நின்றது. ஆறு நாள் ஒன்றுமில்லை. மீண்டும் மருந்து கொடுத்தார்கள். மறுநாளே தலைசுற்றல். ஒரு உபாதை மருந்தால்தான் வருகிறது என்று சந்தேகிக்க இதைவிட வலுவான தடயம் ஒரு தனி நோயாளியிடம் கிடைப்பது அரிது.

நான் மாற்றிப் போட்டிருந்தால்? மார்ச் 5 முதல் 12 வரை தலைசுற்றல். மருந்தை நிறுத்தியிருந்த நாட்களில்தான் தலைசுற்றல், மருந்து தொடங்கிய மறுநாள் நின்றுவிட்டது என்று கதையே தலைகீழாகியிருக்கும். படிப்பவர்கள் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போயிருப்பார்கள். வேலிடேட்டரும் ஒரு குறையும் சொல்லியிருக்காது. தேதிகள் சரியான வடிவத்தில், சரியான வரிசையில் இருந்திருக்கும்.

அந்த ஒரு வரிப் புரோகிராமை அழித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. மீதி ஆறு எர்ரர்களில் நான்குக்கு க்வெரி அனுப்பினோம். இரண்டைச் சரி செய்யவே இல்லை. ஒருவர் பாதியில் ஆய்வுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய கடைசி ரத்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. இல்லாததை எப்படிச் சரி செய்வது? அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதி டேட்டாவோடு சேர்த்து அனுப்புகிறோம். எர்ரர் என்ன, எத்தனை இடம், ஏன் அப்படியே விட்டோம் என்று அதில் இருக்கும். அனுமதி தரும் அதிகாரிகள் பூஜ்யம் எர்ரர் வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஏன் என்ற விளக்கத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

சாப்ட்வேர் பார்க்காதவை

வேலிடேட்டரை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணங்களும் உண்டு. 2014 மே மாதம் பிரான்ஸ் அதிகாரிகள் ஹைதராபாத்தில் ஜிவிகே பயோசயின்சஸ் நடத்திய ஆய்வுகளைச் சோதித்தபோது, இசிஜி பதிவுகள் திரிக்கப்பட்டிருந்ததாக அறிவித்தார்கள். அதன் பேரில் 2015 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி சுமார் 700 மருந்துகளின் அனுமதியை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. இந்திய அரசு இந்த முடிவை எதிர்த்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒருவருடைய இசிஜியை இன்னொருவர் பெயரில் வைத்தால் எண்கள் எல்லாம் சரியான வடிவத்தில்தான் இருக்கும், எந்த வேலிடேட்டரும் வாய் திறக்காது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் நடக்கும். 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? பழைய எக்ஸெல் பைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சியவை விழுந்துவிட்டன. அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதமானது. உள்ளே எத்தனை வரி வந்தது, வெளியே எத்தனை வரி போனது என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் புது பைல் தொடங்கும்போது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில்தான் சேவ் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். அதில் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் இடம் உண்டு.

உங்கள் எக்ஸெலிலும் ஒரு வேலிடேட்டர்

மீண்டும் பெரியப்பாவின் பைலுக்கு வருவோம். முதலில் தேதி. விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் ரீஜன் என்பதைத் திறக்கவும். ரீஜனல் பார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இனி டைப் செய்பவை நாள், மாதம், ஆண்டு என்று போகும். ஆனால் ஏற்கெனவே புரண்ட தேதிகள் தானாகத் திரும்பாது. எக்ஸெல் அவற்றை மே 3, டிசம்பர் 1 என்றே நம்பிக் கொண்டிருக்கிறது. சீட்டைப் பார்த்து மறுபடி டைப் செய்வதுதான் வழி. குழப்பமே வேண்டாம் என்றால் 2024-03-12 என்று ஆண்டை முதலில் டைப் செய்யுங்கள்.

அடுத்து எடை. சில செல்களில் அவர் "42 கிலோ" என்று டைப் செய்திருந்தார். எண்ணோடு எழுத்து சேர்ந்தால் எக்ஸெலுக்கு அது எண் அல்ல. சம் பார்முலா அதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். எர்ரர் காட்டாது. எண்ணும் தேதியும் செல்லின் வலது ஓரமாக நிற்கும், எழுத்து இடது ஓரமாக நிற்கும். அலைன்மெண்ட் எதுவும் மாற்றாமல் இருந்தால் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இப்போது காவல் வைப்போம். எடை உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் டெசிமல் தேர்ந்தெடுத்து, குறைந்த அளவு 1, அதிக அளவு 150 என்று கொடுத்தோம். இரண்டு ஏக்கரில் ஒரே நாளில் அதற்கு மேல் வராது என்றார் பெரியப்பா. எர்ரர் அலர்ட் டேப்பில் மூன்று வகை உண்டு. ஸ்டாப் என்றால் உள்ளேயே விடாது. வார்னிங் என்றால் கேட்டுவிட்டு விடும். இன்பர்மேஷன் என்றால் சொல்லிவிட்டு விடும். நான் வார்னிங் வைத்தேன். ஒரு எச்சரிக்கை: வேறு இடத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தால் இந்தக் காவல் வேலை செய்யாது.

ஏற்கெனவே டைப் செய்தவற்றைச் சோதிக்க, டேட்டா வேலிடேஷன் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்து சர்க்கிள் இன்வேலிட் டேட்டா என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விதியை மீறிய செல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழும்.

கிலோ என்று எழுதியிருந்த செல்கள் எல்லாம் வட்டத்துக்குள் வந்தன. அவை போக எண்களில் மூன்று வட்டம் விழுந்தது. ஒன்று 420. சீட்டைத் தேடி எடுத்தால் 42.0 என்று இருந்தது. புள்ளி மங்கிப் போயிருந்தது. திருத்தினோம். இன்னொன்று 0. அந்தச் சீட்டே கிடைக்கவில்லை. 0 என்றால் இலையே கொடுக்கவில்லை என்று ஆகிவிடும் என்பதால் செல்லைக் காலியாக விட்டு, பக்கத்துச் செல்லில் "சீட்டு இல்லை" என்று எழுதினோம். மூன்றாவது 186. பெரியப்பா உடனே, "86-ஆ இருக்கும், ஒண்ணை எடுத்துடு" என்றார். சீட்டைப் பார்க்கலாம் என்றேன். சீட்டிலும் 186 தான். சிறிது யோசித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அன்று சித்தப்பா வீட்டில் விசேஷம். அவர் தோட்டத்து இலையையும் இவர் பெயரிலேயே எடை போட்டிருந்தார்கள். பணம் இன்னும் பிரிக்கவில்லை.

அந்த எண்ணை மாற்றவில்லை. செல்லில் வலது கிளிக் செய்து, நியூ நோட் தேர்ந்தெடுத்து, விஷயத்தை எழுதி வைத்தோம். பழைய எக்ஸெலில் இதற்கு இன்சர்ட் காமெண்ட் என்று இருக்கும். பைலைச் சேவ் செய்ததும் சிவப்பு வட்டங்கள் மறைந்துவிடும். மறுபடி கிளிக் செய்தால் வரும். பெரியப்பா மாதம் ஒருமுறை கிளிக் செய்து பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த 186-ஐச் சுற்றி வட்டம் விழுகிறது. சித்தப்பாவுக்குச் சேர வேண்டிய பணத்தை மட்டும் அந்த வாரமே கொடுத்துவிட்டார்.